முள் விழுந்தால் கால் நகரக் கூடாது

குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எனக்கு ஒரு கேக் வெட்டினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இப்போது வலது கை லேசாக நடுங்க ஆரம்பித்துவிட்டதால், வீட்டில் உட்கார்ந்து கைக்கடிகாரங்களுக்கு ஒளிப்பூச்சு போடும் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த ஓய்வுக்கு நீங்கள் கேக் வெட்டவில்லை. "அக்கா, உங்க அனுபவத்த எழுதுங்க" என்று வேலை கொடுத்திருக்கிறீர்கள். பரவாயில்லை, எனக்கு இனிப்பு ஆகாது.

பொடியை எப்படிக் கலப்பது, முள்ளில் எப்படித் தடவுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. அவற்றில் பாதி தப்பு. எந்தப் பாதி என்று நாலு டயலைக் கெடுத்த பிறகு உங்களுக்கே தெரிந்துவிடும். நான் சொல்லப் போவது ஒரே ஒரு சின்ன முள்ளைப் பற்றி. அந்த முள்ளால் என் மகள் கல்யாணம் நின்று போயிருக்கும்.

முதலில் 'காக்' பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலாய்க்காரர்கள் அக்காவைக் காக் என்பார்கள். பாயான் லெப்பாஸில் நான் முப்பத்தொரு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்த தொழிற்சாலையில், எங்கள் வரிசைக்குத் தலைவி அவர். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவருக்கு இருந்தது ஒரே சட்டம். ஒரு பொருள் கீழே விழுந்தால் கால் நகரக் கூடாது. கையைத் தூக்கி "ஜாத்தோ" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஜாத்தோ என்றால் விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஒருத்தி சொன்னதும் வரிசையில் இருக்கும் இருபது பேரும் அப்படியே நின்றுவிட வேண்டும். தும்மல் வந்தாலும் அடக்க வேண்டும்.

நான் சேர்ந்த இரண்டாம் வாரம் அரிசியில் பாதி அளவு இருக்கும் ஒரு பாகத்தைக் கீழே போட்டுவிட்டேன். பயத்தில் வாயே திறக்கவில்லை. காலால் மெல்லத் துழாவிப் பார்த்தேன், கிடைக்கவில்லை, இன்னொன்றை எடுத்து வைத்து வேலையைத் தொடர்ந்தேன். சாயங்காலம் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. இருபது பெண்களும் ஒன்றரை மணி நேரம் தரையில் தவழ்ந்தார்கள். வெளியே தொழிற்சாலை பஸ் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் காக் என்னிடம் வந்து, என் வலது காலைத் தன் கையாலேயே தூக்கி, செருப்பின் அடியில் ஒட்டியிருந்ததை டுவீசரால் எடுத்தார். திட்டவில்லை. "ஏன் கையைத் தூக்கவில்லை?" என்று மட்டும் மலாயில் கேட்டார்.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் நான் ஒழுங்காகத்தான் கையைத் தூக்கினேன். தொழிற்சாலையில் தூக்கினேன். வீட்டில்தான் மறந்துபோனேன்.

இனி நம் குழு. கெலுகோர் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் இந்தக் கூட்டத்தில் நான் சேர்ந்தபோது எட்டு ஆண்கள் இருந்தார்கள், பெண் நான் ஒருத்திதான். நம்மவர்களின் பைத்தியம் உங்களுக்கும் சீக்கிரம் வந்துவிடும். யாருடைய கடிகாரம் கைக்கு வந்தாலும் மணி பார்க்க மாட்டோம். யூவி டார்ச்சை அடித்துவிட்டு இருட்டைத் தேடி ஓடுவோம், எப்படி ஒளிர்கிறது என்று பார்க்க. கடையில் இருட்டான இடம் பின்னால் இருக்கும் அரிசி ஸ்டோர்தான். முதல் நாள் ஐந்து பெரிய மனிதர்கள் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் கடைக்கார பாய் பதறிப்போனார்.

"அண்ணே, என் ஸ்டோருக்குள்ள என்ன பண்றீங்க?"

"வாட்ச் பாக்குறோம், பாய்."

"மணி பாக்கவா? அதுக்கு வெளிச்சம்தானே வேணும்?"

விளக்கம் சொன்னபோதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வெங்காய மூட்டையில் உட்காரக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டுவிட்டார்.

என் வீட்டில் அந்தச் சிரமம் இல்லை. ஃபிளாட்டின் குளியலறை ஜன்னலில் கறுப்புப் பிளாஸ்டிக்கை ஒட்டி இருட்டறை ஆக்கி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பட்டப்பகலில் பல் தேய்க்கவும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது என்று புலம்புவார். புலம்பினாலும் தேய்த்துவிடுவார்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் சந்திரன் அண்ணன். கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். ஒரு கடிகாரத்தில் அசல் அல்லாத திருகு ஒன்று இருந்தாலும் அண்ணன் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் ஆகிவிடும். அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தொழிற்சாலைகளில் தப்பு நடந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்டு எழுதுவார்கள், ஐந்தாவது பதில்தான் மூல காரணம். அண்ணன் இதை வேலை நேரத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஒரு ஞாயிறு ரொட்டி சானாய் கருகி வந்ததற்குப் பாயிடம் நாலு முறை ஏன் என்று கேட்டுவிட்டார். ஐந்தாவது முறை பாய் சொன்னார்: "நீங்க ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களா, இப்ப கல்லுல இருக்கறதும் கருகிடுச்சு." அண்ணன் அதையும் எழுதிக்கொண்டார்.

இந்தச் சந்திரன் அண்ணனின் மகன் திலீபனும் என் மகள் ரேணுவும் இரண்டு வருடமாகப் பழகி வந்தார்கள். எங்களுக்குச் சம்மதம். அண்ணனின் மனைவி மாலதிக்கும் சம்மதம். அண்ணன் மட்டும் "பாப்போம்" என்பதிலேயே நின்றார். எங்கள் வீட்டில் எதற்கும் ஒரு ஒழுங்கு இல்லையாம், எல்லாவற்றுக்கும் சிரிக்கிறோமாம். இதைக் கேட்டதும் நாங்கள் சிரித்துத் தொலைத்தோம், அதுவும் அவர் காதுக்குப் போய்விட்டது.

ஒரு நாள் அண்ணன் தன் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முதல் சம்பளத்தில் வாங்கியதாம். லூம் என்று நாங்கள் சொல்லும் ஒளிப்பூச்சு செத்துப்போயிருந்தது.

"பச்சை லூம் போட்டுக் குடுங்க, அக்கா. மத்த எல்லாம் என்னோடதே இருக்கணும். வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன். குடும்பத்தோட வர்றேன்."

அன்று வீட்டுக்குப் போய் இதைச் சொன்னதும் ரேணு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இத மட்டும் ஒழுங்கா செஞ்சுடுங்கம்மா. இது வாட்ச் இல்ல, பரீட்சை." அவள் கண் கலங்கியிருந்தது.

ஒழுங்காகத்தான் செய்தேன். முள்ளிலும் டயலிலும் பூச்சு அழகாகக் காய்ந்தது. மூன்று நாளுக்கு முன்பே முள்ளை மாட்டி மூடியிருக்கலாம். ஆனால் எனக்குத் தலைக்கனம். அண்ணன் அசந்து போக வேண்டும் என்று இரண்டாவது பூச்சும் கொடுத்தேன். அதனால் முள் மாட்டுவது அவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குத் தள்ளிப்போனது. பன்னிரண்டு மணிக்கு வருகிறார்கள். பத்தரை மணிக்கு நான் பட்டுப்புடவை கட்டி, கொண்டையிலிருந்து இரண்டு தோளிலும் தொங்க மல்லிகைச் சரம் வைத்து, சாப்பாட்டு மேசையில் டுவீசரோடு உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடம் தலைத்தொப்பி போடாமல் ஒரு திருகைத் தொடாதவள்.

சின்ன முள்ளை எடுத்தேன். டிக் என்று ஒரு சத்தம். டுவீசர் நுனியில் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். துள்ளி எழுந்தேன். மேசைக்கடியில் குனிந்தேன். துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினேன். பெருக்கியதில் ஒன்றும் இல்லாததால் முதல் நாள் ஓடிய வேக்குவம் மெஷினின் பையை, எந்த நியாயமும் இல்லாமல், பேப்பரில் கொட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோபாவுக்கடியில் டார்ச்சோடு தவழ்ந்தார். தீபாவளி முறுக்குத் துண்டு ஒன்றும், ரேணு பள்ளியில் தொலைத்ததாகச் சொன்ன தோடு ஒன்றும் கிடைத்தன. முள் கிடைக்கவில்லை. இருட்டாக்கிப் பார்க்கலாம் என்றால் எங்கள் கூடத்தில் காலை வெயில் கொட்டும், மெல்லிய திரைச்சீலை அதை எங்கே தடுக்கும்.

பதினொன்றரைக்கு ரேணுவின் போனில் திலீபன் செய்தி அனுப்பினான். கடல் பாலத்தைத் தாண்டிவிட்டார்களாம். பாலத்தில் எல்லா ஞாயிறும் ஜாம் இருக்கும், அன்றைக்கு மட்டும் இல்லை.

என் உதிரி டப்பாவில் அதே அளவில் இன்னொரு சின்ன முள் இருந்தது. எப்போதோ நீல லூம் பூசி வைத்தது. பகலில் நீலமும் பச்சையும் வெள்ளையாகத்தான் தெரியும். மாட்டினேன், மூடினேன், துடைத்தேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ரேணுவிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன், அது இன்னொரு தப்பு. அவருக்குப் பொய் சொல்ல வராது. பொய் பக்கத்தில் இருந்தாலே அவருக்கு வியர்க்கும்.

வந்தார்கள். தட்டு மாற்றாத பெண் பார்ப்பு மாதிரி எல்லோரும் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள். திலீபன் வாயே திறக்கவில்லை. ரேணு கேசரி கொண்டுவந்தாள். நான் கடிகாரத்தைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினேன். அண்ணன் லூப் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு, அக்கா." எனக்கு உயிர் வந்தது. அடுத்து அவர் பாக்கெட்டிலிருந்து யூவி டார்ச்சை எடுத்தார். "பாத்ரூம் எந்தப் பக்கம்?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. கேசரி ஆறியது. என் வீட்டுக்காரர் சட்டை முதுகில் ஒட்டும் அளவுக்கு வியர்த்துப்போய், மாலதியிடம் மெல்லக் கேட்டார்: "அண்ணனுக்கு வயிறு ஏதும் சரியில்லையா?"

"வயிறு சரியாத்தான் இருக்கு, அண்ணே. இவருதான் சரியில்ல," என்றாள் மாலதி.

கதவு கொஞ்சம் திறந்தது. "அக்கா, உள்ள வாங்க."

ஒரு மனிதர் சம்பந்தம் பேச வந்த வீட்டில் அந்த வீட்டு அம்மாவைக் குளியலறைக்குள் கூப்பிடுகிறார். நான் எழுந்தேன். என்னைத் தனியாக விட மனமில்லாமல் என் வீட்டுக்காரரும் எழுந்தார். அவர் போவதைப் பார்த்து மாலதியும் வந்தாள். பிறகு பிள்ளைகள் மட்டும் ஏன் வெளியே இருக்க வேண்டும். ஆறு பேர், ஒரு வாளி, ஒரு சலவை இயந்திரம். அண்ணன் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார்.

இருட்டில் டயல் பச்சையாக ஒளிர்ந்தது. பெரிய முள் பச்சை. சின்ன முள் நீலம். நட்சத்திரம்போல் பளிச்சென்று நீலம்.

"அக்கா," என்றார் அண்ணன், குரலை உயர்த்தாமல். "சின்ன முள்ளு என்னோடதா?"

எனக்கு அருகில் ரேணு நின்றாள். அவள் மூச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது. நான் பயந்து போயிருந்தேன், வெட்கமாகவும் இருந்தது. நல்ல பொய் ஒன்று தயாராக இருந்தது. என் வீட்டுக்காரர் அதைத் தொடங்கியும் விட்டார். "அது வந்து, அண்ணே, இப்பல்லாம் ரெண்டு கலருதான் ஃபேஷன்..."

காக் என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்விதான் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. நான் கையைத் தூக்கினேன். இருட்டில் அது என் வீட்டுக்காரரின் மூக்கில் பட்டு அவர் வாயை அடைத்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று.

"ஜாத்தோ," என்றேன்.

அண்ணனும் இருபத்தைந்து வருடம் உற்பத்தி வரிசையில் நின்றவர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவர் மாமனாராகப் போகிறவர் என்பதை மறந்துவிட்டார்.

"யாரும் நகராதீங்க." எல்லோரும் நின்றோம். நகர இடமும் இல்லை. "எப்ப?"

"பத்தரைக்கு."

"எங்க?"

"சாப்பாட்டு மேசையில. தேடிப் பாத்தேன், அண்ணே, கிடைக்கல. பயந்துட்டேன். வேற முள்ள மாட்டிட்டேன். உங்ககிட்ட சொல்லாம விட்டுடலாம்னுதான் இருந்தேன்."

வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அண்ணன் டார்ச்சைப் போட்டு எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார், என் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்தார். அணைத்ததும் மாலதி சொன்னாள்:

"அக்கா, உங்க பூவுல என்ன, மின்மினிப் பூச்சியா?"

இடது தோளில், மல்லிகை மொட்டுகளுக்கு நடுவில், டார்ச் வெளிச்சம் பட்டதில், தொலைந்த முள் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் அதைத் தோளில் சுமந்துகொண்டுதான் வீடு முழுக்கப் பெருக்கியிருக்கிறேன். பகலில் பார்த்தால் வெள்ளைப் பூவில் வெள்ளை முள், யாருக்குத் தெரியும்.

"தொடாதீங்க," என்றார் அண்ணன். நான் சிலைபோல் நிற்க, ரேணு கூடத்திலிருந்து தாம்பாளத்தைக் கொண்டுவந்து தோளோடு சேர்த்துப் பிடிக்க, மாலதி ஊக்கைக் கழற்றிப் பூச்சரத்தை அப்படியே தட்டில் இறக்கினாள். தட்டோடு ரேணு முன்னால் போக, நாங்கள் ஐந்து பேரும் குளியலறையிலிருந்து மேசைக்கு ஊர்வலமாகப் போனோம். சாமி புறப்பாட்டில் மேளம்தான் குறை.

அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க நான் அசல் முள்ளை மாட்டினேன். இந்த முறை ரேணுவின் குளியல் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டேன். பட்டுப்புடவைக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது, யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க என் வீட்டுக்காரர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அண்ணன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். "நீங்க அந்த ஃபேஷன் கதைய சொல்லியிருந்தா, அக்கா, நான் ஒன்னும் பேசியிருக்க மாட்டேன். சாப்பிட்டுட்டுப் போயிருப்பேன். மறுபடி வந்திருக்கவும் மாட்டேன்."

பிறகு நாங்கள் வாங்கி வைத்திருந்த லட்டுப் பெட்டியின் மூடியைத் திருப்பி வைத்து, பேனாவை எடுத்தார். மாலதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆரம்பிச்சிட்டாரு."

"ஏன் முள்ளு காணாமப் போச்சு?"

"பூவுக்குள்ள விழுந்துடுச்சு, பாக்கல."

"ஏன் பூவுக்குள்ள விழுந்துச்சு?"

"தொப்பி போடாம, பூ வச்சிக்கிட்டு வேலைக்கு உக்காந்தேன்."

"ஏன் பூ வச்சீங்க?"

"நீங்கல்லாம் வர்றீங்களேன்னுதான், அண்ணே."

எழுதிக்கொண்டார். "நாங்க ஏன் வந்தோம்?"

அதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது. அண்ணன் தானே எழுதிவிடுவதற்குள் மாலதி சொன்னாள்: "வாட்ச் வாங்கன்னு எழுதிராதீங்க, சொல்லிட்டேன். பொண்ணு பாக்க வந்தோம்."

அண்ணன் கொஞ்சம் யோசித்து, பொண்ணு பாக்க என்று எழுதினார். பிறகு ஐந்தாவது கேள்வியை யாரையும் பார்க்காமல் மூடியிடமே கேட்டார்.

"ஏன் பொண்ணு பாக்க வந்தோம்?"

வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத திலீபன், சோபாவில் உட்கார்ந்தபடியே வலது கையைத் தூக்கினான்.

"எனக்கு ரேணுவ ரொம்பப் புடிச்சிருக்கு, அப்பா."

ரேணு அழுதுவிட்டாள். நானும்தான், குளியல் தொப்பியோடு. அண்ணன் தன் மகனைப் பார்த்தார், தூக்கிய கையைப் பார்த்தார். மூடியில் குனிந்து எழுத ஆரம்பித்தார். மூல காரணம்: என் மகன். சரிசெய்யும் நடவடிக்கை: கல்யாணம். பொறுப்பு: இரு வீட்டாரும். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, மறுபடி நடக்காமல் தடுக்க என்று எழுதி, அக்கா தொப்பி போட வேண்டும் என்று முடித்துக் கையெழுத்தும் போட்டார்.

"சரி, கேசரிய எடுத்து வைம்மா," என்றார் ரேணுவிடம். "ஆறிப்போனாலும் பரவால்ல."

அந்த மூடியை நான் பிளாஸ்டிக் உறை போட்டு, நடந்த இடம் என்பதால், குளியலறையிலேயே மாட்டியிருக்கிறேன். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டுச் சீர்த்தட்டுகள் பதினொன்று வந்தன. பத்தில் தேங்காய், பழம், பூ, புடவை. பதினொன்றாவது தட்டில் தொழிற்சாலைத் தலைத்தொப்பி ஒன்று, நன்றாகத் துவைத்து மடித்து, மேலே ஒரு குங்குமப் பொட்டோடு இருந்தது. அன்றிலிருந்து அது இல்லாமல் நான் ஒரு முள்ளைத் தொட்டதில்லை.

இப்போது எனக்கு அது தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பாய் கடைக்கு எடுத்து வருகிறேன், யாருக்கு வேண்டுமோ கையைத் தூக்குங்கள்.